மூன்றாவது ஆம்ப்ளிஃபையர்

மூன்றாவது ஆம்ப்ளிஃபையரையும் என் வீட்டுக்காரர் குறை சொன்னபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது. அதுவரைக்கும் எரிச்சல் மட்டும்தான் இருந்தது.

அந்த ஸ்பீக்கர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ரயில்வே ஊழியர் மன்றத்தின் பழைய கட்டடத்தை இடித்தபோது இவர் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தவை. ஒவ்வொன்றும் என் மார்பு உயரத்துக்குக் கனத்த மரப்பெட்டி. முன்னால் பழுப்புத் துணி, அதற்குள்ளே சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய காகிதக் கூம்பு. அவை வந்த அன்றே சோஃபா படுக்கையறைக்குக் குடிபோய்விட்டது. இரண்டு பீரோக்களுக்கு நடுவில் குடித்தனம் நடத்துகிறேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தேன். மன்றத்தில் இருந்த ஆம்ப்ளிஃபையர் எப்போதோ புகைந்துபோயிருந்தது. புதிதாக வாங்க வக்கில்லை, எனவே பழையது ஒன்றைத் தேடி அலைய ஆரம்பித்தோம்.

இந்த அலைச்சலில் எங்களுக்குத் துணை ஈயம். ரேடியோ பழுது பார்ப்பவர். எந்நேரமும் எதையாவது ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்தான். இந்த மாதிரிப் பழைய ஸ்பீக்கர்களுக்கு வாட்ஸ் அதிகம் தேவையில்லை, சுத்தமான சத்தம்தான் தேவை என்பார். போகிற இடத்தில் மூடியைக் கழற்றி, எரிந்த வாடை வருகிறதா என்று முதலில் மோந்து பார்ப்பார். அப்புறம் ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் முனைகளில் மீட்டரை வைப்பார். கெட்டுப்போன ஆம்ப்ளிஃபையர் ஒன்று போதுமாம், ஸ்பீக்கருக்குள் இருக்கும் காயிலைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கருக்கிவிடும். அந்தக் காயில் இப்போது தலைகீழாக நின்றாலும் கிடைக்காது.

அப்படி அவர் பார்த்துத் தலையாட்டிய முதல் ஆம்ப்ளிஃபையர் ஒரு பல் டாக்டர் வீட்டில் இருந்தது. இரண்டாவது, இழுத்து மூடிய ஒரு ஓட்டலில் இருந்தது. இரண்டையும் கொஞ்ச நாள் கேட்டுப் பார்க்கிறோம் என்று வாங்கி வந்து மாட்டினோம். இரண்டு தடவையும் என் வீட்டுக்காரர் நாற்காலியைச் சரியாக நடுவில் போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்து கேட்டுவிட்டு, இடது பக்கம் மங்கல் என்றார். போர்வைக்குள்ளிருந்து பாடுகிறமாதிரி இருக்கிறதாம். எனக்கு இரண்டு பக்கமும் ஒரேமாதிரிதான் கேட்டது. அதைச் சொன்னதற்கு, உனக்குக் காது இருக்கிறதே தவிரக் கேட்கத் தெரியாது என்றார். காது விஷயத்தில் எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். சண்டை போடாமல் உள்ளே போய்விட்டேன்.

அவர் பிழைப்பே காதுதான். தண்டவாளம் பழுது பார்க்கும் குழுவில் அவர் காவல் நிற்பவர். மற்றவர்கள் குனிந்து ஜல்லியைத் தள்ளுவார்கள், சுத்தியலால் அடிப்பார்கள், அந்தக் கூச்சலில் அவர்களுக்குத் தூரத்துச் சத்தம் எதுவும் கேட்காது. இவர் மட்டும் தள்ளி நின்று ரயில் வருகிறதா என்று பார்ப்பார், கேட்பார். வருகிறது என்றால் எந்தப் பக்கத்திலிருந்து, எந்தப் பாதையில் என்று தெரிந்து விசில் ஊத வேண்டும். வளைவான இடத்தில் கண்ணுக்கு வேலையே இல்லை, காது மட்டும்தான். என் தம்பி அந்தக் குழுவில் ஒருவன். அவன் அந்த வேலையில் சேர்ந்தபோது, அவன் மாமாவே காவல் நிற்கும்போது எனக்கென்ன பயம் என்று நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாவதை ஈயம் தன் கடையிலிருந்தே தூக்கி வந்தார். தூக்க முடியாத கனம், துடைத்து வைத்த வெள்ளி முகப்பு, தொட்டால் வழுக்கிக்கொண்டு திரும்பும் குமிழ்கள். அன்றைக்குப் பிற்பகல் ஷிஃப்ட் என்பதால் இவர் அவசரமாகச் சாப்பிட்டு, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். ஒரு பெண் பாடும் இசைத்தட்டைப் போட்டோம். சமையலறைப் பாத்திரம்கூட லேசாக அதிர்ந்தது. எனக்கு மேல் சிலிர்த்துப்போனது. அவர் முகம் சுருங்கியது. இடது பக்கம் மங்கல் என்றார்.

ஈயத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. பின்னாலிருந்த ஒயர்களைக் கழற்றி, இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டினார். ஆம்ப்ளிஃபையரில் கோளாறு என்றால் மங்கல் இப்போது வலது பக்கம் போக வேண்டும் என்றார். போகவில்லை. அப்படியானால் ஸ்பீக்கரில்தான் கோளாறு என்று மூன்று பேரும் மூச்சு வாங்க அந்தப் பெட்டிகளை இழுத்து இடம் மாற்றினோம். அப்போதும் இடது பக்கம்தான். ஜன்னல் திரை சத்தத்தைக் குடிக்கிறதோ என்று அதையும் அவிழ்த்தார். இவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே கத்த ஆரம்பித்தார். குப்பையை என் தலையில் கட்டப் பார்க்கிறாயா என்று இவர் கேட்டதும், ஈயம் திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அறையில் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டோம், நாற்காலியில் இருந்த ஆளைத் தவிர. போன வாரம் வேலையிலிருந்து அவர் வந்த கோலம் ஞாபகம் வந்தது. ஹாரன் அடிக்காமல் ஒருத்தன் ரயிலை ஓட்டி வந்துவிட்டான், பசங்கள் கடைசி நேரத்தில் குதித்துத் தப்பினார்கள், அவன் மேல் புகார் கொடுக்காமல் விடமாட்டேன் என்று குதித்தார். நானும் சேர்ந்து அந்த டிரைவரை வாயார வைதேன். இன்னும் சற்று நேரத்தில் தம்பி ஸ்கூட்டரில் வந்து இவரைக் கூட்டிக்கொண்டு போவான். இவரை நம்பி ரயிலுக்கு முதுகைக் காட்டிக் குனிவான்.

"கொஞ்சம் திரும்பி உட்காருங்களேன்" என்றேன்.

எதற்கு என்றார். சும்மா ஒரு தடவை, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள், எந்தப் பக்கம் மங்கல் என்று கையைத் தூக்கிக் காட்டுங்கள், பேச வேண்டாம் என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, மறுபேச்சுப் பேசாமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். ஈயம் என்னைப் பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது என்று தெரிந்தது. திரும்பி உட்கார்ந்தால் இடம் வலமாகிவிடும், இந்த மனுஷன் வலது கையைத் தூக்கிவிட்டால் போதும், ஆயுசுக்கும் இந்த வீட்டில் ஆம்ப்ளிஃபையர் தேடிக்கொண்டே இருக்கலாம் என்று வேண்டிக்கொண்டேன். இசைத்தட்டு சுற்றியது. அந்தப் பெண் பாட ஆரம்பித்தாள்.

அவர் தூக்கியது இடது கையை.

தூக்கிய கையை அவர் உடனே இறக்கவில்லை. பிறகு மெதுவாக வலது காதை விரலால் அடைத்துக்கொண்டார். பாட்டு எங்களுக்கெல்லாம் வீடு நிறையக் கேட்டுக்கொண்டிருந்தது. அவருக்கு அது நின்றுபோனதை நான் முகத்தில் பார்த்தேன். என் ஆயுளில் அப்படி நான் பயந்ததில்லை.

ஈயம் போய்ச் சத்தத்தைக் குறைத்தார். காதில் அழுக்கு அடைத்திருக்கும், சளியாக இருக்கும், சொட்டு மருந்து விட்டால் சரியாகிவிடும் என்று என்னென்னவோ சொன்னார்.

"ஆம்ப்ளிஃபையர் நல்லாத்தான் இருக்கு" என்றார் இவர். "இருக்கட்டும், இங்கேயே விட்டுட்டுப் போ."

அப்புறம் என் பக்கம் திரும்பி, இது வெளியே போகக் கூடாது என்றார். நாளைக்கு டாக்டரிடம் போகிறேன், ஆனால் இன்றைக்கு லீவு சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், காது போனவனுக்குக் காவல் வேலை கிடையாது, ஸ்டோரில் உட்கார்ந்து ஆணி எண்ண விடுவார்கள் என்றார். சொல்லிக்கொண்டே ஷூவைப் போட்டார். கயிறு முடிச்சு விழவே இல்லை. கோபக்கார மனுஷன் பயந்து நான் பார்த்ததே இல்லை. அதைப் பார்க்கையில் பாவமாக இருந்தது, ஆனாலும் வாசலை மறித்து நின்றேன்.

"ஏங்க, குனிஞ்சு நிக்கிறது என் தம்பி" என்றேன்.

தெருவில் ஸ்கூட்டர் வந்து நின்றது. தம்பி மாடியேறி வந்து, என் தோளுக்குப் பின்னாலிருந்து உள்ளே எட்டிப் பார்த்தான். கலைந்து கிடந்த அறையையும், ஈயத்தையும், என்னையும் பார்த்துவிட்டு, போகலாமா மாமா என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதா வேண்டாமா என்று தவித்தேன். சொன்னால் புருஷன் மானம், சொல்லாவிட்டால் தம்பி உயிர். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் மூச்சை இழுத்தேன். அவர் முந்திக்கொண்டார். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினார்.

"மச்சான், இடது காது கேக்கலை எனக்கு. மேஸ்திரிகிட்ட வேற ஆளைப் போடச் சொல்லு. என்னை நம்பிக் குனியாத."

தம்பி திடுக்கிடுவான் என்று நினைத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தெரியும் மாமா" என்றான். "அன்னிக்கு அந்த டிரைவர் ரெண்டு தடவை ஹாரன் அடிச்சான். எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. நீங்க எதிர்ப்பக்கம் பாத்துக்கிட்டு நின்னீங்க. அதுலேர்ந்து நாங்களேதான் மாத்தி மாத்தி ஒரு ஆள் நிமிர்ந்து பாத்துக்கறோம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் யாருக்கும் தெரியலை."