தரைதான் காரணம்

அமெரிக்கக் கல்லூரி மைதானத்தின் வடக்கு மூலையில் ஒரு மணல் பள்ளம். அடிபட்டவர்களுக்கு அதுதான் இடம். மற்றவர்கள் தரையில் மோதிக்கொண்டிருக்கும்போது இவர்கள் மணலில் உட்கார்ந்து கயிறு இழுக்க வேண்டும். கயிற்றின் மறுமுனையில் இரும்புத் தகடுகள் ஏற்றிய பலகை. இழுத்து முடித்ததும் யாராவது அதைத் தள்ளிக்கொண்டு போய் பழைய இடத்தில் வைப்பார்கள். மறுபடி இழுக்க வேண்டும்.

அலபாத்தி இழுத்தான். இடது காலில் முழங்கால் வரை சாம்பல் நிற பிளாஸ்டிக் பூட்ஸ். உள்ளே சுண்டுவிரல் பக்கத்து எலும்பில் ஒரு திருகாணி.

கோச் ஸ்ட்ராட்டன் வந்தார். பள்ளத்தை ஒட்டித்தான் வழி. உட்கார்ந்திருந்த ஏழு பேரும் நிமிர்ந்தார்கள். அவர் சூயிங்கம்மை மென்றபடி நேராக நடந்தார்.

"கோச்!" என்றான் அலபாத்தி.

முதுகு போய்க்கொண்டே இருந்தது. அடிபட்டவனுக்கு முகம் கொடுத்தால் அடியிலேயே சுகம் கண்டுவிடுவான் என்பது ஸ்ட்ராட்டனின் கட்சி.

"எதுக்குடா வாயைக் கெடுத்துக்கற?" என்றான் பக்கத்தில் இருந்த ரெஜினால்ட். பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறவன். கால் கட்டைவிரல் மூட்டு போயிருந்தது. "பொணத்துக்கிட்ட யாராச்சும் பேசுவாங்களா?"

"பேருதான் கால்பந்து. மூணு வருஷமா ஆடறேன், ஒரு தடவைகூட நான் பந்தைத் தொட்டதில்ல. போனது மட்டும் காலு."

ரெஜினால்ட் சிரித்தான். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு மோதி ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து இது. அலபாத்தியின் வேலை முன்வரிசையில் குனிந்து நின்று, எதிரே நிற்கும் மலையைத் தள்ளுவது. அவனும் ஒரு மலை. வந்தபோது இருந்த எடை போதாது என்று கோச்தான் ஏற்றச் சொன்னார். ஏற்றினான்.

தோள், முட்டி, விலா என்று கலந்துகட்டி வரவேண்டிய பள்ளம் இது. இந்த வருஷம் ஏழு பேருக்கும் பாதம். பேப்பரில்கூட எழுதிவிட்டார்கள். காரணம் கண்டுபிடிக்க மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டர் ஹோல்ம் என்ற அம்மாள் வரப்போகிறாள்.

உதவிக் கோச் பள்ளத்தின் விளிம்பில் வந்து குந்தினார்.

"டாக்டரம்மா கேட்டா என்ன சொல்லணும்னு யோசிச்சு மண்டையை உடைச்சுக்காதீங்க. தரை. பழைய செயற்கைப் புல்லு, கல்லு மாதிரி இறுகிப்போச்சு. உண்மைதான? நம்ம பழைய ஸ்டூடண்ட் ஒருத்தர் புதுசு போட்டுத் தர்றேங்கறார். எல்லாருக்கும் நல்லது."

"சரி சார்," என்றார்கள்.

அலபாத்தியும் சொன்னான். வரும் வசந்தத்தில் ஓடிக் காட்டினால் அவனுக்கு இடம் உண்டு. படிப்பு, அறை, சாப்பாடு எல்லாம் அந்த இடத்தோடு சேர்ந்தது. ஒவ்வொரு வருஷமும் கோச் மனசு வைக்க வேண்டும்.

ஆனால் உடைத்தது தரை அல்ல என்று அவனுக்குத் தெரியும்.

அவனுடைய பாதம் முறம்போல அகலம். ஹொனலூலுவில் இருக்கும் மாமா தேடிப்பிடித்து அனுப்பிய அகல ஷூவைத்தான் போட்டு ஆடிக்கொண்டிருந்தான். அது வேறு கம்பெனி. கல்லூரி ஒப்பந்தம் போட்டிருப்பது இன்னொரு கம்பெனியோடு. ஆகவே ஆட்டத்துக்கு முன்னால் ஜோலீன் அவன் ஷூவின் மேலேயே வெள்ளை டேப்பை, விரல் நுனியிலிருந்து கணுக்கால் வரை, சுற்றி மூடிவிடுவாள். அடிபடாமல் பார்த்துக்கொள்வதும் அடிபட்டால் கட்டுப்போடுவதும் அவள் வேலை. முன்வரிசையில் பாதிப் பேர் கணுக்கால் பிசகாமலிருக்க டேப் சுற்றுகிறவர்கள்தான். யாரும் கேட்கவில்லை.

இந்தப் பருவத்தில் கம்பெனிக்காரர்கள் டிவியில் பார்த்துவிட்டார்கள். சின்னம் தெரியவேண்டும். ஷூவுக்கு மேல் டேப் கூடாது.

"என்னால ஒண்ணும் பண்ண முடியாது கண்ணு," என்றாள் ஜோலீன். "ஷூவுக்குள்ள வேணா சுத்திவிடறேன்."

உள்ளே எங்கே இடம்? கம்பெனியின் ஆக அகலமான ஷூவே அவன் காலைக் கவ்விப் பிடித்தது. அகலத்துக்காக நீளத்தில் இரண்டு அளவு ஏற்றிப் போட்டான். விரல் மடங்குகிற இடத்தில் ஷூ மடங்கவில்லை, நடுப்பாதத்தில் மடங்கியது. சில வாரம் வெளியோரம் வலித்தது. ஒரு சனிக்கிழமை, யாரும் மேலே விழாமலே, காய்ந்த சுள்ளி மாதிரி முறிந்தது.

ஞாயிறன்று சமோவாத் தீவின் பாகோ பாகோவிலிருந்து அம்மா கூப்பிட்டாள். மீன் டப்பா தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று மீன் கழுவுகிறவள். பின்னால் தேவாலயத்துப் பிள்ளைகளின் சத்தம்.

"சாப்பிட்டியாடா?"

"ஆச்சும்மா."

"பனி பேயுதாமே. காதை மூடிக்க. நேத்து ஆட்டத்தை எங்க கேண்டீன் டிவியில போட்டாங்க. அந்த டிவியில நம்பர்லாம் ஒரே கலங்கல். முந்தியெல்லாம் வெள்ளையாப் பொதி மாதிரி ரெண்டு காலு தெரியும், அதான் எம்மகன்னு எல்லார்கிட்டயும் காட்டுவேன். இப்ப ஏண்டா அதைக் கட்டறதில்ல?"

"வேண்டாம்னுட்டாங்கம்மா."

"இருந்தாலும் கண்டுபிடிச்சுட்டேன். கடைசியில ஒருத்தனைத் தூக்கி மல்லாத்தினியே, பக்கத்துல நின்ன லுப்பே கைதட்டினா பாரு!"

அவனுக்குப் பதிலாக ஆடியவன் யாரையோ மல்லாத்தியிருக்கிறான். அலபாத்தி நேற்று அறையில், காலை நாற்காலியில் தூக்கி வைத்து அதைப் பார்த்தான்.

"ஆமாம்மா," என்றான்.

அன்று மாலை இன்னொன்றைப் பார்த்தான். அறைத்தோழன் சியோசி, அவனும் சமோவாக்காரன், முன்வரிசையில் அவனுக்குப் பக்கத்து இடம். கட்டிலில் உட்கார்ந்து ஐஸ் வாளிக்குள் பாதத்தை வைத்திருந்தான். கட்டைவிரலால் வெளியோரத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தான்.

"அங்கதானா?"

"எங்கயும் இல்ல. ஷூ கடிக்குது."

"எனக்கும் மொதல்ல கடிக்கத்தான் செஞ்சுது."

"டேய், நீ பள்ளத்துல இருக்கேங்கறதுக்காக எல்லாரும் இறங்கி வரணுமா? வாயைக் கழுவு." சியோசி காலை எடுத்து அவசரமாகத் துடைத்தான். ஓரத்தில் வீக்கம் பளபளத்தது.

டாக்டர் ஹோல்ம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். அலபாத்தி தரை என்றான். எடை கேட்டாள், சொன்னான். ஓய்வு எப்போது என்று கேட்டாள். கோடையிலும் பயிற்சி உண்டு என்றான்.

"வேற ஏதாச்சும்?"

"இல்லை டாக்டர்." எழுந்தான். கதவு வரை நொண்டிப் போனான். சியோசியின் வீக்கம் கண்ணில் நின்றது. திரும்பினான்.

வலது காலில் போட்டிருந்த கம்பெனி ஷூவைக் கழற்றித் தரையில் வைத்தான். வெறுங்காலை அதன் மேல் வைத்து நின்றான். இரண்டு பக்கமும் பாதம் பிதுங்கி வழிந்தது.

டாக்டர் நாற்காலியை விட்டுக் குனிந்து பார்த்தாள்.

"இதே ஷூவை வேற யாருக்கும் குடுத்திருக்காங்களா?"

"எல்லாருக்கும் குடுத்திருக்காங்க டாக்டர். எங்க ரூம் பையனுக்கும் ஓரத்துல வலி இருக்கு. சொல்லமாட்டான். என் பேரு..."

"வராது," என்றாள்.

பேர் வராமல்தான் இருந்தது. அணி முழுவதையும் உட்கார வைத்து அவள் பேசினாள். பின்வரிசையில் கல்லூரி அதிகாரிகள். அவர்களோடு ஷூ கம்பெனியின் சின்னம் தைத்த கோட்டு போட்ட இரண்டு பேர்.

"தரை ரொம்ப இறுகியிருக்கு. அது ஒண்ணு. குறைஞ்ச காலத்துல நிறைய எடை ஏத்தறீங்க. எலும்புக்கு ஓய்வே இல்ல. பனிக்காலத்துல வெயில் படறதில்ல, அதனால எலும்பு வலு குறையுது..." நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள். பின்வரிசையைப் பார்த்தாள். "சில பேருக்குப் பாதத்தோட அமைப்பே வழக்கத்துக்கு மாறா இருக்கு. அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்."

யாரோ விசிலடித்தார்கள். தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி அலபாத்தியின் காலைப் பார்த்தன. அவன் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். இழுக்க வந்தது ஒன்றுதான். பூட்ஸ் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப ஷூ பத்தி குறை ஒண்ணும் இல்ல?" கோட்டு போட்டவர் சிரித்த முகமாகக் கேட்டார்.

"அதுக்கு இன்னும் ஆராய்ச்சி வேணும்," என்றாள் டாக்டர்.

சாப்பாட்டுக் கூடத்தில் அலபாத்தி எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வைத்திருந்தான். சியோசி தட்டோடு வந்தான், உட்காரவில்லை.

"டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு விட்டாங்க. நீதான சொன்ன?"

"ஸ்கேன் எடுத்தாங்களா?"

"ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன். கோச்சுக்குத் தெரிஞ்சா என்னாகும்னு யோசிச்சியா? எங்க வீட்டுக்கு நீயா பதில் சொல்லுவ?"

"உடைஞ்சுடும்டா..."

"இனிமே எங்காலைப் பாக்காத." கோழித் துண்டுகளும் சோறும் குவித்த தட்டைத் தூக்கிக்கொண்டு தூரத்து மேசைக்குப் போனான். நொண்டாமல் நடக்கப் பார்த்தான். மறுநாள் அவன் சாமான்கள் அறையில் இல்லை. எதிர்க்கட்டிலில் மெத்தை மட்டும் கிடந்தது.

பனி கொட்டிய ஒரு காலையில் கோச் கூப்பிட்டனுப்பினார். அலபாத்தி போனபோது எழுந்து நின்றார். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"வாப்பா அலபாத்தி. அம்மா சௌக்கியமா? இன்னும் அந்த மீன் ஃபேக்டரியிலதான் வேலையா?"

பேரைப் பிசகில்லாமல் சொன்னார். அலபாத்தி நிமிர்ந்து உட்கார்ந்தான். "சௌக்கியம் கோச்."

"நல்ல உழைப்பாளி நீ. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா உங்காலு இந்த ஆட்டத்துக்குத் தோதுப்படலப்பா. டாக்டரே சொல்லிட்டாங்க."

"வசந்தத்துக்குள்ள ஓடிக் காட்டறேன் கோச்."

"ஓடுவ. திரும்ப உடைஞ்சா? உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்ல? உங்க ஊர்லயே ஒரு காலேஜ் இருக்கில்ல, கிறிஸ்துமஸுக்குப் போய் நிம்மதியா அங்கயே படி. எது வேணும்னாலும் எனக்கு ஃபோன் பண்ணு." எழுந்து வந்து தோளில் கைவைத்தார். கை கதகதப்பாக இருந்தது. வாசல் வரை வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

அவன் கிளம்பிய நாளில் அணி வெளியூர் ஆட்டத்துக்குப் போயிருந்தது. விமான நிலைய வேனில் அவன் ஒருத்தன்தான். பூட்ஸ் காலைக் குறுக்கே நீட்டிக்கொண்டான்.

மலைச் சாலையில் வேன் ஊர்ந்தது. முன்னால் ஒரு நீள லாரி, பாய் பாயாய்ச் சுருட்டிய பச்சைத் தரையை ஏற்றிக்கொண்டு போயிற்று. ஒரு சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய கெஜக்கோட்டு எண் நாற்பது தலைகீழாகத் தெரிந்தது. சுருள்கள் குலுங்க, உள்ளிருந்த கறுப்பு ரப்பர் பொடி பனியின் மேல் கோடாக உதிர்ந்தது.

"உங்க காலேஜ் தரைதான்," என்றான் டிரைவர். "உரிச்சுட்டாங்க. புதுசு வருதில்ல."

"இது எங்க போகுது?"

"பக்கத்து ஊர் ஹைஸ்கூலுக்கு. இனாமாக் குடுத்துட்டாங்க, பெரிய மனசு. அங்க பசங்கள்லாம் காலையிலருந்து கேட்டுல நிக்கறானுங்களாம்."

பிரிகிற சாலையில் லாரி விளக்கைப் போட்டு வலதுபக்கம் திரும்பியது. வேலியோரம் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி சின்னச் சின்ன உருவங்கள் வரிசையாக நின்றிருந்தன. லாரியைக் கண்டதும் கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடின.