சிவப்புப் பட்டை இல்லாத ஹால் டிக்கெட்

எழுத்தர் தேர்வுக்கு வயது வரம்பு முப்பது. இருதயசெல்விக்கு இந்த வருடத்தோடு சரி. அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குள் தேர்வறைக்குள் போய்விட்டால் உண்டு. இல்லையென்றால் திண்டிவனத்துக்குத் திரும்ப பஸ் பிடிக்க வேண்டியதுதான்.

தேர்வு வாரியம் ஹால் டிக்கெட்டை முந்தின நாள் இரவுதான் இணையத்தில் விட்டிருந்தது. அதனால் விழுப்புரத்தில், தேர்வு நடக்கும் பள்ளிக்கு எதிரே இருந்த அமலதாஸின் பிரவுசிங் சென்டரில் எட்டு மணிக்கே கூட்டம் நெரிந்தது.

அமலதாஸுக்கு ஒரு கொள்கை இருந்தது. திரையில் எந்தப் பெட்டி முளைத்தாலும் படிக்க மாட்டார், 'யெஸ்' அமுக்கிவிடுவார்.

"நோ போட்டா மிஷின் கோச்சிக்கும்மா. நமக்கு எதுக்குப் பேஜாரு?" என்றார்.

இப்படி யெஸ் போட்டுப் போட்டு, அந்தக் கணினியில் ஆவணம் திறக்கும் மென்பொருள்கள் மட்டும் ஐந்து குடியேறியிருந்தன. செல்வியின் ஹால் டிக்கெட் ஒரே ஒரு பக்கம். அதைத் திறப்பதற்குள் புதிய பதிப்பு வந்திருக்கிறதே வேண்டுமா என்றது ஒன்று. இனி எல்லாவற்றையும் நான்தான் திறப்பேன், சம்மதமா என்றது இன்னொன்று. கூடவே ஜாதகம் பார்க்கும் புரோகிராம் ஒன்றும் இலவசமாம். அவளைப் பெண் பார்க்க வந்த மூன்று குடும்பங்களும் சேர்ந்துகூட இத்தனை கேள்வி கேட்டதில்லை.

கடைசியில் பிரின்டர் துப்பிய தாளைப் பார்த்தாள். அவள் போட்டோவுக்குக் குறுக்கே, காது முதல் தாடை வரை, தடிமனாக ஒரு சிவப்புப் பட்டை.

"இன்னாண்ணே இது? என் மூஞ்சிய அடிச்சி வச்சிருக்கு."

"இலவச சாஃப்ட்வேர்மா, அப்டித்தான் போடும். காலைலேர்ந்து எல்லாரும் அதத்தான் வாங்கிக்கினு போறாங்க."

"எல்லாரும் போவட்டும். நவுருங்க."

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மவுசைப் பிடுங்கினாள். வந்த பெட்டிக்கெல்லாம் நோ, நோ, நோ. பதினோராவது நோவில் பழைய மென்பொருள் ஒன்று மனமிரங்கி, பட்டையில்லாத ஹால் டிக்கெட்டைக் கொடுத்தது. அமலதாஸ் கணினியைத் தடவிக் கொடுத்தார்.

பள்ளி வாசலில் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் மேற்பார்வையாளர் விருத்தாசலம். வரிசையில் செல்விக்கு முன்னால் நின்ற கிளாரா என்ற பெண்ணின் தாளில் சிவப்புப் பட்டை. அவளை உள்ளே விட்டார். செல்வியின் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பட்டை எங்கம்மா?"

"அது பிரவுசிங் சென்டர்ல வர்றது சார். சாஃப்ட்வேர் போடுறது."

"காலைலேர்ந்து முப்பத்தெட்டுப் பேரு வந்தாங்க. அத்தினி பேருக்கும் இருக்குது. உனக்கு மட்டும் இல்லன்னா, இன்னா அர்த்தம்?"

"என்னுதுதான் சார் ஒரிஜினல்."

"அத நீ சொல்லக் கூடாதும்மா. ஓரமா நில்லு."

மணி ஒன்பது நாற்பது. செல்வி சாலையைக் குறுக்கே ஓடிக் கடந்தாள்.

"அண்ணே, அந்தப் பட்டையோடயே ஒண்ணு குடுங்க. ஜல்தி."

அமலதாஸ் அவளை மேலும் கீழும் பார்த்தார். "மொதல்லயே சொன்னேன்" என்று சொல்லவில்லை, முகம் சொன்னது. அமுக்கினார். புதிய பதிப்பு வந்திருக்கிறது என்றது கணினி. வழக்கம்போல யெஸ் போட்டார். திரை நீலமானது. தயவுசெய்து காத்திருக்கவும், அணைக்க வேண்டாம், இன்னும் இருபத்தாறு நிமிடம்.

"நோ போடுங்கண்ணே!"

"எங்கம்மா போடறது? யெஸ்ஸும் இல்ல, நோவும் இல்ல."

ஒன்பது ஐம்பத்திரண்டு. செல்வி மேசையிலிருந்த சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்தாள். ரசீதுப் புத்தகத்தை அளவுகோலாக வைத்து, கையிலிருந்த ஹால் டிக்கெட்டில் தன் முகத்துக்குக் குறுக்கே தானே பட்டையாகத் தீற்றினாள். ஊதிக் காயவைத்துக்கொண்டே ஓடினாள்.

விருத்தாசலம் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"கொஞ்சம் கோணலா இருக்குதே."

"பிரின்டர் சரியில்ல சார்."

"ஒரிஜினல வூட்ல வச்சிட்டு எதையோ எடுத்தாந்து நீட்டுறது. அப்பால எங்ககிட்ட சண்டைக்கு வர்றது. படிச்ச பொண்ணுதானே நீ?"

"தப்புதான் சார்" என்றாள் செல்வி.

அவர் பட்டையின் மேலேயே கையெழுத்துப் போட்டு உள்ளே அனுப்பினார். அவள் உட்காரவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. கட்டை விரலெல்லாம் சிவப்பு. அதைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டு, முதல் கேள்வியைப் படிக்கத் தொடங்கினாள்.