கல்சுவர் என்ற புனைபெயர்

பரிசு பெற்ற கவிஞர் எழுந்து நிற்பதற்காக எக்காளம் ஊதி முடித்தார்கள். யாரும் எழவில்லை.

மேடையில் நின்ற டெக்வென் மறுபடியும் கூப்பிட்டாள். "கல்சுவர்! அரங்கத்துல இருந்தா எழுந்து நில்லுங்க."

வெல்ஷ் நாட்டுப் பெர்வின் மலைச்சரிவில் இருக்கும் அந்தச் சின்ன ஊரின் கவிதை விழாவுக்கு அவள் நடுவரானது தற்செயல்தான். முதலில் ஒப்புக்கொண்டவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். கவிதைகளெல்லாம் வந்து சேர்ந்த பிறகு, விழாச் செயலாளர் மென்னா ஓடிவந்து இவளைப் பிடித்தாள். கல்லூரியில் வெல்ஷ் இலக்கியம் நடத்தியவள், வாரப் பத்திரிகையில் மலை, ஓடை, பறவை என்று பத்தி எழுதுகிறவள் என்பதால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. எழுதியவர்களின் உண்மைப் பெயர் மென்னாவுக்கு மட்டும் தெரியும். நடுவருக்குத் தட்டச்சான தாள்களும் புனைபெயர்களும்தான். வென்றவருக்குப் பரிசு, மேடையில் உட்காரவைத்துத் தரும் ஒரு செதுக்கிய நாற்காலி.

கல்சுவரின் கவிதை டெக்வென்னைப் பாடாய்ப் படுத்தியது. மலையில் ஓசைகள் ஒவ்வொன்றாக ஒழிந்துபோகின்றன. முதலில் வெட்டுக்கிளி. பிறகு ஊசியிலை மரத்தில் கீச்சிடும் பொடிக்குருவி. ஒரு வசந்தத்தில் வானம்பாடியும் இல்லை. மலை செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தபடியே வாசித்தாள். கடைசிப் பகுதியில்தான் புரிந்தது: பறவைகள் அங்கேயேதான் இருக்கின்றன, மூடிக்கொண்டது கவிதையைச் சொல்கிறவனின் காது. வீட்டில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிச் சமாளிக்கிறான். மேசைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவள் அதை வீம்பு என்று எடுத்துக்கொள்கிறாள்.

இதையெல்லாம் சற்றுமுன் மேடையில் விளக்கிச் சொன்னவள், தீர்ப்புரையின் முடிவில் தாளைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு மனசே ஆறல. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு அந்தம்மா இதக் கவனிக்கவே இல்லன்னா, எப்படிங்க முடியும்?" என்றாள். அரங்கத்தில் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

இப்போது நாலாவது வரிசையில் ஒரு சலசலப்பு. டெக்வென்னின் கணவன் இட்வல் அங்கே மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பக்கத்திலிருந்த மென்னா அவன் விலாவில் முழங்கையால் இடித்தாள். அவன் சுற்றிலும் பார்த்தான். எல்லாத் தலைகளும் யாரையோ தேடித் திரும்புவதைக் கண்டதும் எழுந்து நின்றான்.

கழிப்பறைக்குப் போகப் பார்க்கிறான் என்றுதான் டெக்வென் நினைத்தாள். இந்த நேரத்திலா? உட்காரு என்று கையால் சைகை காட்டினாள்.

அவன் உட்காரவில்லை. வென்றவரை மேடைக்கு அழைத்துப்போக, அங்கி அணிந்த இருவர் அவனை நோக்கி நடந்தார்கள். ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். கல்சுவர் அவன்தான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

பின்வரிசையிலிருந்து ஆட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் கத்தினார். "ஏம்மா, வீட்டுக்காரருக்கே நாற்காலியா? அதையும் வீட்டுக்கே ஓட்டிட்டுப் போறதா?"

அரங்கம் சிரித்தது. டெக்வென்னுக்கு முகமெல்லாம் தீயாய் எரிந்தது.

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. யார் எழுதினதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்றாள்.

சொன்ன பிறகுதான் அதன் பொருள் அவளுக்கே உறைத்தது. சிரிப்பு நின்றது. முன்வரிசையில் ஒருத்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மென்னா மேடையேறினாள். "இவ சொல்றது நெஜம். அதுவுமில்லாம இன்னொருத்தர்கிட்டயும் குடுத்துப் படிக்கச் சொன்னேன். அவரும் இதையேதான் சொன்னாரு. வேற ஏதாச்சும் உண்டா?"

இட்வலை நாற்காலிக்கு முன் நிறுத்தி, விழா வழக்கப்படி தலைக்கு மேல் வாளைப் பாதி உருவிப் பிடித்தார்கள். "சமாதானம் உண்டா?" என்று கேட்டார் விழாத் தலைவர். "உண்டு!" என்று ஊரே முழங்கியது. டெக்வென்னின் உதடுகள் அசையவில்லை. அவன் அவள் உதடுகளையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோருடைய உதடுகளையும் அவன் எப்போதிலிருந்து இப்படிப் பார்க்கிறான்?

தேநீருக்கு இருவரும் நிற்கவில்லை. வெளியே மழை. காரில் அவன் பக்கத்தில் ஏறியதும் அவள் சாவியைத் திருகினாள்.

"நான் நடுவர்னு தெரிஞ்சப்பவாவது கவிதையத் திருப்பி வாங்கியிருக்கலாமே?"

பதில் இல்லை. வழக்கமான வீம்பு என்று ஒரு கணம் பழைய எரிச்சல் கிளம்பியது. உடனே தூக்கிவாரிப்போட்டது. காரின் முன்கண்ணாடியைப் பார்த்துப் பேசியிருக்கிறாள். எஞ்சினை அணைத்தாள். முழுசாக அவன் பக்கம் திரும்பி, அதையே மறுபடி கேட்டாள்.

"வாங்கத்தான் நினைச்சேன்" என்றான் இட்வல். "அப்புறம், நீ பென்சிலும் கையுமா அதத் திரும்பத் திரும்பப் படிக்கிறதப் பாத்தேன். வீட்ல சொல்லியிருந்தா, அடுப்பப் பாத்துக்கிட்டே கேட்டிருப்ப."

"என்மேல இவ்வளவு கோவமா?"

"கோவமில்ல, டெக்வென். பயம். உன் குரலும் அந்த வரிசையில போயிடுமோன்னு."

மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. அது அவனுக்குக் கேட்கிறதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அவன் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்து, வார்த்தை வார்த்தையாகக் கேட்டாள்.

"மழை கேக்குதா?"

"கொஞ்சம்" என்றான் அவன்.