நடைக்குடம்

மாசிப் பனி மூக்கில் ஏறுகிற விடியலில், பரமத்தி வேலூர்க் காவிரிப் படித்துறையில் வைத்து வெள்ளியங்கிரியின் வாயை மஞ்சள் துணியால் கட்டினார்கள். தலையில் சும்மாடு வைத்து அதன்மேல் தீர்த்தக் குடத்தை ஏற்றினார்கள். இடது கையில் ஒரு கொத்து வேப்பிலை கொடுத்தார்கள். இனி ஊர் மாரியம்மன் கோயில் வாசலில் இறக்கும்வரை குடம் தரையில் படக் கூடாது, சுமப்பவர் வாய் திறக்கக் கூடாது.

மற்றவர்கள் தங்கள் குடங்களை மினி வேனில் ஏற்றி, ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுக்கொண்டு பைபாஸில் போய்விட்டார்கள். வெள்ளியங்கிரியின் மனைவி சௌந்திரமும் வேனில்தான் போனாள். ஒரு குடம் மட்டும் பழைய வழியில், ஆற்றங்கரையும் மேட்டுக்காடுமாக, புதுச்சத்திரத்துக்கு மேற்கே இருக்கும் ஊருக்கு நடந்தே வரவேண்டும். அதுதான் நடைக்குடம். அம்மனுக்கு முதலில் ஊற்றுவது அந்தத் தண்ணீரைத்தான். யார் சுமப்பது என்பதைப் பூப்போட்டுக் கேட்டு அம்மனே முடிவு செய்வாள். வெள்ளியங்கிரியின் அப்பாவுக்கு ஒருமுறை வந்தது. அதன் பிறகு அந்தக் குடும்பத்தை அம்மன் சுத்தமாக மறந்துபோய், இந்த வருஷம்தான் ஞாபகம் வந்திருந்தது.

சுமப்பவருக்குத் துணையாக ஒருவரைக் காப்புக் கட்டி அனுப்புவார்கள். சுமப்பவர் தடுக்கி விழப் பார்த்தாலோ, வாய் தவறிப் பேசிவிட்டாலோ, குடம் துணைக்கு வந்தவர் தலைக்கு மாறும். லாரிக்கு ஸ்டெப்னி மாதிரி. அதற்கும் பூப்போட்டுத்தான் கேட்டார்கள். வந்த பெயர் கதிர்வேல். அம்மனுக்குக் குறும்பு அதிகம் என்று பூசாரியே சொன்னார்.

ஏனென்றால் வெள்ளியங்கிரியும் கதிர்வேலும் பங்காளிகள். இருவருக்கும் பொதுவில் ஒரு கிணறு. ஒரு நாள் தண்ணீர் இவருக்கு, மறுநாள் அவருக்கு. தன் பாதியையும் அதை ஒட்டிய நிலத்தையும் ஒரு கோழிப்பண்ணைக்காரருக்கு விற்கக் கதிர்வேல் தை மாதத்திலிருந்து துடித்துக்கொண்டிருந்தார். பண்ணையில் கோழிகள் லட்சத்துக்கு மேல். அத்தனையும் தண்ணீர் குடிக்கிற பழக்கம் உள்ளவை. விற்றுவிட்டால் வெள்ளியங்கிரியின் மரவள்ளிக்கும் மாடுகளுக்கும் மிஞ்சுவது கிணற்றுக்குள் கேட்கும் எதிரொலி மட்டும்தான். வாங்குகிறவர் வழக்குக்குப் பயந்தவர். பங்காளியிடம் நேரில் கேட்டு, அவர் ஆட்சேபனை சொல்லவில்லை என்று சாட்சியோடு தெரிந்தால்தான் முன்பணம் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். வெள்ளியங்கிரியோ ஆட்சேபனை சொல்வதற்கென்றே உயிரோடு இருந்தார். அதனால் கதிர்வேல் இதுவரை பண்ணைக்காரரின் புரோக்கரை அவர் கண்ணில் காட்டாமலே வைத்திருந்தார்.

படித்துறையிலிருந்து கிளம்பி ஆற்றோரத் தடத்தில் இறங்கியதும் கதிர்வேல் பேச ஆரம்பித்தார். அவருக்கு வாயை மூடும் வழக்கம் கிடையாது. தூக்கத்தில்கூடப் பேசுவார். ஒருமுறை தூக்கத்திலேயே ஒரு எருமையை விலை பேசி முடித்துவிட்டாராம். காலையில் பார்த்தால் எருமை வாசலில் நின்றதாம். நல்ல எருமைதான், கறவைக்குக் குறைவில்லை.

இந்தப் பனியெல்லாம் ஒரு பனியா என்று தொடங்கினார் கதிர்வேல். அவர் இளவட்டமாக இருந்தபோது ஒரு மாசியில் பால் கறந்தால் செம்பில் கட்டி கட்டியாக விழுமாம். சொஸைட்டியில் அளவுபடியை எடுத்து வைத்துவிட்டுத் தராசு மாட்டினார்களாம். பிறகு பண்ணைக் கோழி ஒன்றின் கதை. முட்டை லாரியில் ஏறி நாக்பூர் வரைக்கும் போய், தன் முட்டை சரியான கடையில் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு, வெங்காய லோடில் திரும்பி வந்துவிட்டதாம். வந்த பிறகு அது இந்தியில்தான் கொக்கரித்ததாம்.

வெள்ளியங்கிரி பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். சிரித்தால் குடம் தளும்பும். கோபப்பட்டாலும் தளும்பும்.

திருமணிமுத்தாறு காவிரியில் சேருகிற இடத்தைத் தாண்டி, அந்த ஆற்றின் கரையைப் பிடித்து வடக்கே திரும்பினார்கள். கோரையும் நாணலும் ஆள் உயரத்துக்கு நின்றன. தடம் ஒற்றையடியாகச் சுருங்கியது. முன்னால் போனால் கதிர்வேலின் பேச்சு முதுகில் விழுந்தது. பின்னால் போனால் முகத்தில் விழுந்தது. வேறு வழி அந்தக் கரையில் இல்லை. இருபக்கமும் புல் நெருங்கி நிற்க, தலையில் குடமும் வாயில் துணியுமாகப் போகும்போது, தன்னை யாரோ மூட்டையாகக் கட்டி அனுப்புவதுபோல வெள்ளியங்கிரிக்குத் தோன்றியது.

அடுத்து ரிக் வண்டிக் கதை வந்தது. திருச்செங்கோட்டு வண்டியில் கதிர்வேல் வேலைக்குப் போயிருந்தபோது ஒரு பாறைக்காட்டில் ஆழ்துளை இறக்கினார்களாம். இறக்க இறக்கத் தண்ணீர் வரவில்லையாம். கடைசியில் அடியிலிருந்து யாரோ பூமிக்கு அந்தப் பக்கத்துப் பாஷையில் திட்டினானாம், அவன் வீட்டுத் தரை ஓட்டையாகிவிட்டது என்று. மன்னிப்புக் கேட்டு மூடிவிட்டு வந்தார்களாம்.

பிறகு வெள்ளியங்கிரியின் கல்யாணத்துக்கு வந்தார். முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை ஆட்டுப்பட்டிக்குள் ஒளிந்திருந்ததாகவும், கதிர்வேல்தான் ஆடுகளை எண்ணி ஒன்று அதிகமாக இருப்பதைக் கண்டுபிடித்ததாகவும் சொன்னார். வெள்ளியங்கிரியின் பதில் நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டை வரைக்கும் வந்து, மஞ்சள் துணியில் முட்டித் திரும்பிப் போனது.

வெயில் ஏறியது. பனி போன இடம் தெரியவில்லை. ஆற்றை விட்டு மேட்டுக்காட்டில் ஏறி இறங்கினார்கள். காய்ந்த கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் கிளுவை வேலிகளும் தவிர அங்கே எதுவும் இல்லை. வேலிகள் தடத்தை இருபுறமும் நெருக்கின. ஒரு கௌதாரிகூடக் குறுக்கே ஓடாமல் வேலியோரமாகவே ஓடியது. நடைக்குடத்துக்குத் திரும்பிப் போகும் வழக்கமும் இல்லை. முன்னால்தான் போகவேண்டும்.

மறுபடி ஆறு குறுக்கிட்டது. இங்கே கெண்டைக்கால் அளவுதான் தண்ணீர். பாதி ஆற்றுக்கு வந்த பிறகுதான், அக்கரையில் பைக்கை நிறுத்தி ஓர் ஆள் நிற்பதை வெள்ளியங்கிரி பார்த்தார். மடிப்புக் கலையாத சட்டை. பக்கத்தில் ஆடு மேய்க்கும் குப்பாயி, தொரட்டுக் கோலோடு மணலில் உட்கார்ந்திருந்தாள்.

கதிர்வேலின் குரல் திடீரென்று மரியாதையாக மாறியது. “அண்ணா, இவர்தானுங்க மணிமாறன். கோழிப்பண்ணைக்காரருக்கு எடம் பேசற புரோக்கர். நம்ம கெணத்து விசியமா உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும்னாரு. நேரமில்லீங்கன்னேன், கேக்கலை.”

வெள்ளியங்கிரி தண்ணீரிலேயே நின்றுவிட்டார்.

மணிமாறன் கும்பிட்டான். “ஏனுங்கய்யா, கதிர்வேலய்யா அவர் பாதியக் குடுக்கறாருங்க. உங்களுக்கு ஆட்சேபனை ஏதாச்சும் இருந்தாச் சொல்லீருங்க. இந்தப் பெரியம்மாதான் சாட்சி.”

பேசினால் குடம் போகும். பேசாவிட்டால் கிணறு போகும். தலையை ஆட்டலாமென்றால் தலையில் காவிரி இருந்தது. வெள்ளியங்கிரி கையிலிருந்த வேப்பிலைக் கொத்தை இல்லை, இல்லை என்று வீசிக் காட்டினார்.

“பாத்துக்குங்க. வேப்பிலையடிச்சு ஆசீர்வாதமே பண்ணீட்டாரு,” என்றார் கதிர்வேல்.

வெள்ளியங்கிரி கரையேறி, ஈர மணலில் கால் கட்டைவிரலால் ‘வேண்டாம்’ என்று எழுதப் போனார். கொம்பை மட்டும்தான் போட்டிருப்பார். பெரியவர் கையெழுத்தே போடுகிறார் என்று கதிர்வேல் பூரித்துப்போனார். வெள்ளியங்கிரி காலைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்றார். இன்னும் ஒரு கோடு இழுத்தால் அது கிரயப் பத்திரமாகிவிடும் என்று பயம் வந்துவிட்டது.

குப்பாயி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: “வாயைக் கட்டிப்போட்டுக் கேட்டா எந்த ஆடு சாமி வேண்டாம்னு சொல்லும்?”

“நீ சாட்சி மட்டும் சொன்னாப் போதும்,” என்றார் கதிர்வேல்.

மணிமாறன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, ஐயா ஒன்றும் சொல்லவில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிடவா என்று கேட்டான். கேட்டது வெள்ளியங்கிரியிடம். தலையாட்டியது கதிர்வேல்.

வெள்ளியங்கிரிக்கு அந்த நேரத்தில் கோயில் வாசல் தெரிந்தது. மேளம் நிற்பதும், எல்லாரும் விலகி வழிவிடுவதும், அப்பா ஊற்றின இடத்தில் தான் நிற்பதும், சௌந்திரம் மாவிளக்கோடு பார்த்துக்கொண்டிருப்பதும் தெரிந்தன. அதையெல்லாம் அவர் நன்றாக ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு வேப்பிலையை இடுப்பில் செருகினார். இடது கையால் மஞ்சள் துணியைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டார்.

“சம்மதமில்லை,” என்றார். “பொதுக் கெணறு. என்ற உசிரு இருக்கற வரைக்கும் சம்மதமில்லை. போயிச் சொல்லு.”

பாதி நாள் கட்டிக்கிடந்த குரல் கரகரவென்று வந்தது. ஆடுகள்கூட மேய்வதை நிறுத்திப் பார்த்தன.

“பேசீட்டாருங்க,” என்றாள் குப்பாயி, சாட்சிக்கு வந்தவள் என்ற முறையில்.

வெள்ளியங்கிரி குடத்தை இரண்டு கையாலும் இறக்கிக் கதிர்வேலுக்கு நேராக நீட்டினார். கதிர்வேல் இதை எதிர்பார்க்கவில்லை. கிணறு விற்றாகிவிட்டது என்ற நினைப்பிலேயே நின்றார். கால்வலி, கழுத்துப் பிடிப்பு என்று ஏதோ சொல்லிப் பின்னால் நகர்ந்தார். குடத்துக்கும் மணலுக்கும் நடுவில் வெள்ளியங்கிரியின் கைகள் மட்டும்தான் இருந்தன. ஒரு சொட்டு வாய்விளிம்பில் வந்து நின்றது. அது கீழே விழுந்தால் விழுந்தது யாரால் என்று ஊருக்குச் சொல்லக் குப்பாயி தயாராக இருந்தாள். கதிர்வேல் குனிந்து தலையைக் கொடுத்தார்.

சும்மாடு மாறியது. குடம் மாறியது. மஞ்சள் துணியை வெள்ளியங்கிரி தன் கையாலேயே கட்டினார். கொஞ்சம் இறுக்கமாகவே கட்டினார்.

“கதிரு,” என்றார் பிறகு. “உன்ற பாதியக் குடுக்கறதில்லைன்னு நீயும் முடிவு பண்ணீட்டே. ஆட்சேபனை இருந்தா இவங்க முன்னாடியே சொல்லீரு.”

கதிர்வேலின் கண்கள் பெரிதாயின. துணிக்குள் ஏதோ முட்டியது. குடம் தளும்பவும், அவர் அசையாமல் நின்றார்.

“ஒண்ணும் சொல்லலைங்க,” என்றாள் குப்பாயி.

மணிமாறன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். பங்காளி வில்லங்கம் உள்ள இடத்தில் தன் முதலாளி காலை வைக்க மாட்டார், பரமத்திப் பக்கம் வேறு கிணறு பார்த்து வைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பைக்கைத் திருப்பினான். மணலில் சக்கரம் புதைந்தது. வெள்ளியங்கிரிதான் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்.

மிச்ச வழி மேட்டுக்காடு. இப்போது வெள்ளியங்கிரி எதை வேண்டுமானாலும் பேசலாம். வயிற்றெரிச்சல் தீரக் கதிர்வேலைப் பற்றி ஒரு கதை கட்டிப் பார்த்தார். எருமை ஒன்று வந்தது, அது எதற்கு வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. பாதியில் விட்டுவிட்டார். தலையில் பாரம் இல்லாததுதான் பெரிய பாரமாக இருந்தது. கழுத்து தானாக நிமிர்ந்து, குடத்தைத் தேடித் தேடிப் பார்த்தது. வேலிகள் அப்படியேதான் நெருங்கி நின்றன. தடம் இன்னும் ஒற்றையடிதான். வேகமாக முன்னால் போய்விடலாமென்றால் துணைக்குப் போகிறவர் விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஒரு இறக்கத்தில் கதிர்வேல் கால் சறுக்கியபோது, வெள்ளியங்கிரி ஓடிப்போய் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு கோயில்வரை பிடித்த கையை விடவில்லை. தண்ணீருக்காகத்தான் பிடித்தார்.

பொழுது சாயும்போது ஊர் எல்லையில் பறை முழங்கியது. கூட்டம் இவர்களைப் பார்த்ததும் குடம் யார் தலையில் இருக்கிறது என்று பார்த்தது. பிறகு வெள்ளியங்கிரியைப் பார்த்தது. சௌந்திரம் கையில் மாவிளக்கோடு வந்தாள்.

“பேசீட்டேன்,” என்றார் அவர்.

“என்னத்தைப் பேசுனீங்க?”

“கெணறு நமக்கு இருக்குது.”

அவள் விளக்கை அணையாமல் கையால் மறைத்தபடி தலையாட்டினாள். அவள் கண் மட்டும் கதிர்வேலின் தலையிலிருந்த குடத்தை விட்டு அகலவில்லை.

கதிர்வேல்தான் ஊற்றினார். தண்ணீர் அம்மன் தலையில் விழுந்து தோளில் இறங்கியபோது, வெள்ளியங்கிரி கூட்டத்தில் பின்வரிசையில் நின்றார். முன்னால் நின்றவரின் தலை மறைத்தது. பாதிதான் தெரிந்தது.

பூசாரி வாய்க்கட்டை அவிழ்த்தார். கதிர்வேல் ஏதாவது பேசுவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் பேசவில்லை. தாடையைத் தடவிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, பின்வரிசைக்கு வந்து வெள்ளியங்கிரியின் பக்கத்தில் நின்றார். திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டார்கள். அதன் பிறகு கதிர்வேல் கேட்டார்:

“நாளைக்குத் தண்ணி யார் மொறைங்ணா?”

“உன்னுது,” என்றார் வெள்ளியங்கிரி.