தலைமறைவு ஸ்டானிஸ் லால்

என் புருஷன் ஸ்டானிஸ்லாஸ் தலைமறைவாக இருந்தாராம். தினமும் காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிற ஆள் அவர். தொண்டையைத் திறந்தால் ராயபுரம் ரயிலடியில் நிற்பவனுக்கும் வஞ்சிரத்தின் விலை தெரியும். அவரைத்தான் போலீஸ் ஒரு வருஷமாகத் தேடியும் கிடைக்கவில்லையாம்.

டீசல் மானியம் கேட்டு நடந்த சாலை மறியலில் போட்ட பழைய வழக்கு. தட்டச்சு செய்த மகராசன் பெயரை இரண்டாக வெட்டி 'ஸ்டானிஸ் லால்' ஆக்கியிருந்தான். சம்மன் எங்கள் வீட்டுக்கு எப்படி வரும்? கடைசியில் கோர்ட், முப்பது நாளில் ஆஜராகாவிட்டால் தலைமறைவுக் குற்றவாளி என்று அறிவிப்பு போட்டது. அதை ஜனங்கள் கூடும் இடத்தில் உரக்கப் படிக்க வேண்டும் என்பது சட்டம். கொண்டுவந்த ஏட்டு மாரியப்பனுக்கு அன்று பார்த்துத் தொண்டை கட்டியிருந்தது.

"நைனா, உன் கொரலுதான் கணீர்னு கீது. இத்த கொஞ்சம் பட்ச்சிடு," என்று என் புருஷனிடமே நீட்டினார்.

இந்த மனுஷனும் மீன் பெட்டிமேல் ஏறி நின்று, ஏலம் விடுகிற ராகத்திலேயே மூன்று தடவை படித்தார். "யாருபா இந்த லாலு? சேட்டு வூட்டு ஆளா?" என்று கேள்வி வேறு. ஏட்டு சிரித்துவிட்டு ஒரு கிலோ சங்கரா மீனோடு போய்விட்டார்.

முப்பது நாளும் தாண்டி, போன வாரம்தான் போலீஸ்காரர்கள் மறியல் போட்டோவைப் பார்த்து லால் யாரென்று கண்டுபிடித்தார்களாம். வந்து இழுத்துப்போனதும் அதே ஏட்டுதான்.

ஜாமீன் கேட்க வந்த வக்கீல் ஆண்ட்ரூ கோர்ட் வாசலில் தன் படிப்பைக் காட்டினார். "அந்தக் காலத்து இங்கிலாந்துல இப்படி அறிவிச்சா அவன 'அவுட்லா'ம்பாங்க, அக்கா. சட்டத்துக்கு வெளிய தள்ளுனவன். அந்த நாட்டுக்கு வடக்கேயிருந்து வந்த கடலோடிங்க கொண்டாந்த சொல்லு. அவன் தலைய ஓநாய்த் தலைம்பாங்க, ஓநாய வெட்டுற மாதிரி யார் வேணா வெட்டலாம்."

"என் ஆளு எங்க வெளிய பூட்டாரு? ஏலத்துக்குப் போறாரு, வூட்டுக்கு வராரு. ஓநாயாம், இன்னா பேச்சு இது?" என்றேன். எனக்கு வேண்டியது ஜாமீன், அவருடைய ஓநாய் அல்ல.

உள்ளே மாஜிஸ்திரேட், "அறிவிப்பைப் படித்தது யார்?" என்று கேட்டார்.

வாயைத் திறக்காதே என்று ஆண்ட்ரூ கண்ணைக் காட்டினார். என் புருஷனுக்கா புரியும்? "நான்தான்யா! மூணு தபா!" என்று கூண்டிலிருந்து முழங்கினார். பெருமை வேறு.

"அப்படியானால் எல்லாம் தெரிந்தே வரவில்லை. ஜாமீன் கிடையாது."

"ஐயா, அது என் பேரே இல்லியே!"

"இன்று அந்தப் பெயரைக் கூப்பிட்டதும் வந்தீர்களே."

மறுநாள் புழல் ஜெயிலில், ஸ்டானிஸ்லாஸைப் பார்க்க வேண்டும் என்றேன். காவலர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்.  அந்தத் தப்புப் பெயரை நானும் சொல்ல வேண்டியதாகிவிட்டதே.

"ஸ்டானிஸ் லால்," என்றேன்.

"நீ இன்னா வேணும்மா அவருக்கு?"

"சம்சாரம்."