சௌந்திரத்தின் ரத்தத்தில் நூற்றிருபது

என் மனைவி சௌந்திரத்திடம் டாக்டர் எது கேட்டாலும் பதில் சொல்வது நான்தான். எங்கள் பக்கத்துப் புருஷன்மார் பெரும்பாலும் அப்படித்தான். நாக்கை நீட்டச் சொன்னால் மட்டும் அவளே நீட்டுவாள்.

எண்பத்துமூன்றாம் வருஷம் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்து போனது. கண் வெளுத்த பிறகும் சோறு இறங்கவில்லை, வாந்தி நிற்கவில்லை. நான் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவன். பட்டறையைப் பூட்டிவிட்டு, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்த டாக்டர் ஞானதாஸிடம் அவளைக் கூட்டிப்போனேன். அவர் விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார்.

"மாசாமாசம் சரியா வருதா?"

"நாப்பத்திமூணு வயசாச்சுங்க. அதெல்லாம் நின்னுபோச்சுங்க" என்றேன்.

ரத்தம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்பினார். பத்தாம் நாள் முடிவு வாங்க நான் மட்டும் போனேன். கல்லீரலில் புற்று இருந்தால் ரத்தத்தில் ஒரு புரதம் ஏறுமாம். பத்துக்குள் இருக்க வேண்டியது சௌந்திரத்துக்கு நூற்றிருபது இருந்தது.

"உறுதியாச் சொல்ல முடியாது வேலுமணி. அடுத்த வாரம் அவங்களைக் கூட்டிட்டு வாங்க. வேலூருக்கு லெட்டர் தரேன்."

இதையெல்லாம் நோயாளியிடம் சொல்லக் கூடாது அல்லவா? அதனால் அவளைத் தவிர எல்லோருக்கும் சொன்னேன். மறுநாளே சொந்தபந்தம் திரண்டு வந்துவிட்டது. மகளைக் கட்டிய மாப்பிள்ளை குழந்தைவேல் வாசலில் நின்று விம்மினார்.

"ஏனுங்க, எதுக்கு எல்லாரும் அழுகறாங்க?" என்று சௌந்திரம் கேட்டாள்.

"வெங்காயம் அரியறாங்க" என்றேன். வாசலில் பதினாறு பேர் வெங்காயமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தார்கள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க" என்று அவள் இரண்டு முறை ஆரம்பித்தாள். "பேசாத சாமி, தெம்பு போயிரும்" என்று இரண்டு முறையும் போர்வையை இழுத்து மூடினேன்.

லெட்டர் வாங்கப் போன அன்று டாக்டர் மறுபடியும் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். இந்தத் தடவை அவர் கை இன்னும் கீழே இறங்கி, அங்கேயே நின்றது. ஏதோ கேட்க வந்தார். அதற்குள் நான் வாயைத் திறந்தேன்.

"நீங்க இருங்க. அந்தம்மா சொல்லட்டும்" என்று டாக்டர் என்னைத் தடுத்தார்.

சௌந்திரம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அஞ்சு மாசங்க. மக முழுகாம இருக்கறப்ப நானும் இருக்கறேன்னு மாப்பிள்ளை முன்னால எப்படிங்க சொல்றது? இவருகிட்ட சொல்லலாம்னா வாயத் தொறக்க உடமாட்டீங்கறாரு."

டாக்டர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். வயிற்றுக் குழந்தையின் ஈரலும் அதே புரதத்தைச் சுரக்குமாம். அது தாயின் ரத்தத்தில் கலக்குமாம்.

நான் சிரித்தேன், அழுதேன், டாக்டரைக் கட்டிப்பிடித்தேன். வெளியே காத்திருந்த முன்பின் தெரியாத ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். முழுக்கதையும் தெரிந்ததும் சௌந்திரத்துக்கு வந்ததே கோபம்!

"ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு, சாகப்போறவளுக்கு மட்டும் சொல்லலையாக்கும்?"

ஆனாலும் காமாலை தொட்ட ஈரல். பிரசவத்துக்குப் பிறகு அந்த எண் இறங்கினால்தான் நிச்சயம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை, என் முகம் தொங்கும்போதெல்லாம் அவள்தான் கேலி பேசிச் சிரிக்கவைத்தாள். பேத்தி பிறந்த இருபதாம் நாள் அவளுக்கு மாமன் பிறந்தான்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் மெட்ராசுக்குப் போனது. முடிவு வந்த அன்று வழியில் யாரிடமும் நின்று பேசாமல் வீட்டுக்கு ஓடினேன்.

"ஆறு! சௌந்திரம், ஆறு!"

அவள் பிள்ளையை என் கையில் கொடுத்தாள். அத்தனை மாதம் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

"நானும் பயந்துக்கிட்டுத்தானுங்க இருந்தேன்" என்றாள்.