தின்னருக்குப் போகாத கறை

பட்டறையில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவசரம் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அளவு எடுப்பதற்கு முன்பே பலகையை அறுத்துவிட்டுத் திருதிருவென்று முழிக்கிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அக்கா கணவரின் பட்டறை என்பதால் பிழைத்துக் கிடந்தான்.

அந்த அவசரத்தில்தான் எட்டு மாதத்துக்கு முன்னால் மாமாவின் இடது கட்டைவிரலில் சுத்தியலைப் போட்டான். மாமா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் பொறு மாப்ளே" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. நகம் கன்றிக் கறுத்துப்போனது. அவனுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அக்காவிடம் மாமா, "கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு" என்று கூசாமல் பொய் சொன்னார்.

தச்சர்களுக்கு நகம் கறுப்பது ஒரு செய்தியே இல்லை. கறுப்பின் அடிவிளிம்பில் அரத்தால் லேசாக ஒரு கீறல் போடுவார்கள். நகம் வளர வளரக் கீறல் மேலே ஏறும். நுனிக்கு வந்து வெட்டுப்பட்டதும் "கரையேறியாச்சு" என்று ஆளுக்கொரு டீ. மாமாவின் கீறலும் ஆறாம் மாதம் வெட்டுப்பட்டது. டீயும் குடித்தார்கள். கறுப்பு மட்டும் அங்கேயே இருந்தது. "சாயம் ஏறியிருக்கு. இந்தக் கை எந்தக் காலத்துல சுத்தமா இருந்துச்சு?" என்று மாமாவே சிரித்துப் பேச்சை முடித்துவிட்டார். கீறலைப் பார்த்த கண்கள் கறுப்பைப் பார்க்கவில்லை.

அதன்பிறகு அந்த விரலில் எப்போதும் ஒரு துணிச்சுற்று இருந்தது. அவனும் கேட்கவில்லை. தான் செய்து வைத்த காரியத்தைத் திரும்பிப் பார்க்க யாருக்குத்தான் தைரியம் வரும்?

போன மாதம் ஒரு மேசைக்கு வார்னிஷ் அடித்துவிட்டு, மாமா துணியைக் கழற்றித் தின்னரில் கை கழுவினார். அவன் பக்கத்தில் நின்று ஊற்றினான். மற்ற விரல்களெல்லாம் வெளுத்தன. கட்டைவிரல் நகத்தில் அடியிலிருந்து நுனிவரை ஒரு கறுப்புப் பட்டை, அடிப்பக்கம் அகலம் கூடி. நகத்தைத் தாண்டிப் பின்னாலிருக்கும் தோலிலும் மை கசிந்த மாதிரி இறங்கியிருந்தது. கையைப் பிடித்து இன்னொரு முறை அழுத்தித் தேய்த்தான். அது அசையவில்லை. மாமா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"மாமா, நான் அடிச்சது நகத்துலதானே? தோலு எப்படிக் கறுத்துச்சு?"

"வேலையைப் பாரு."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுடைய அவசரம் ஒரு நல்லதுக்கு உதவியது. மறுநாள் காலையிலேயே மாமாவை வண்டியில் ஏற்றித் தோல் டாக்டரம்மா முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். அவர் நகத்தடியிலிருந்து துளியூண்டு சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பத்து நாள் கழித்து இருவரையும் உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். தோலில் வரும் புற்றுநோய்.

"நான் சுத்தியலால அடிச்சதாலயா டாக்டர்?"

"இல்லப்பா. அடிபட்ட கறுப்பு நகத்தோடயே வளர்ந்து போயிடும். இது அடியிலேர்ந்து வந்துகிட்டே இருக்கு பாரு. வெயிலே படாத உள்ளங்கால், நகத்தடியிலகூட இது வரும். அடின்னு நினைச்சு விட்டீங்களே, அதுதான் தப்பு." பிறகு மாமாவிடம் திரும்பினார். "விரலை நுனி மூட்டு வரைக்கும் எடுக்கணும். அக்குள்ல நெறி கட்டியிருக்கான்னும் பார்க்கணும். இவ்வளவு நாள் ஏன் வரல?"

"வேலை ஜாஸ்தி" என்றார் மாமா. "இப்பவும் பள்ளிக்கூடத்துக் கதவு முப்பது நிக்குது. அடுத்த மாசம் வெச்சுக்கலாமா?"

"இந்த வாரம்" என்றார் டாக்டர். "ஏற்கெனவே தாமதம். பரவலைன்னு இப்ப என்னால வாக்குக் கொடுக்க முடியாது."

மாமா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அவசரம் எதிரில் நின்றான். அவரை இதுவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"பொய் சொல்றீங்க மாமா. வேலையெல்லாம் காரணம் இல்ல. ஏன் வரல?"

மாமா தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "கீறல் போயும் கறுப்பு போகலைன்னப்பவே எனக்குப் பொறி தட்டுச்சு. ஆஸ்பத்திரின்னு வந்தா உங்க அக்கா எப்படி அடிபட்டுச்சுன்னு நோண்டுவா. அப்புறம் உன்னைச் சும்மா விடுவாளா? போகட்டும், தானா சரியாகும்னு இருந்துட்டேன். வலிச்சிருந்தா வந்திருப்பேன்டா. ஒரு நாள்கூட வலிக்கல."

இந்த மனுஷர் அன்றைக்கே ஊரைக் கூட்டித் தன்னை நாலு அறை அறைந்திருக்கக் கூடாதா என்று நினைத்தான். அந்தப் பாசத்தின் மேல் அவனுக்குக் கோபம் கோபமாக வந்தது.

போனை எடுத்து அக்காவை அழைத்தான். "அக்கா, மாமா விரல்ல சுத்தியலைப் போட்டது நான்தான். திட்டறதை அப்புறம் திட்டு. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வா. இந்த வாரமே ஆபரேஷன் பண்ணணும்."

அக்கா என்னவோ கேட்டாள்.

"ஆமாக்கா, புற்றுநோய்தான்."

அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த மாமா, அந்த வார்த்தை காதில் விழுந்ததும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.